மார்கழி மூக்கும் ஜனவரி ஒன்றாம் தேதித் தீர்மானமும்

ஒவ்வொரு வருஷமும் பொங்கல் லீவு முடிந்த வாரத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் அக்குபஞ்சர் கிளினிக்குக்கு, அதாவது சீன முறையில் ஊசி போடும் இடத்துக்கு, ஒரு கூட்டம் வரும். எல்லோர் கையிலும் கைக்குட்டை, எல்லோரும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே கதை. "இன்னா டாக்டர், நியூ இயர்லேர்ந்து காலைல அஞ்சு மணிக்கு எய்ந்து வாக்கிங் போலாம்னு பாத்தா தும்மல் நிக்கவே மாட்டேன்னுது." நாலு நாள் நடந்திருப்பார்கள், அஞ்சாம் நாள் மூக்கு அடைத்துக்கொண்டு ராத்திரித் தூக்கம் போயிருக்கும், ஆறாம் நாள் அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்திருப்பார்கள், அதற்கப்புறம் "எனக்கு மனவுறுதியே இல்ல டாக்டர்" என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள்.

மனவுறுதியில் ஒரு குறையும் இல்லை. வடசென்னையில் மூக்கு அலர்ஜிக்காரர் ஒருவர் வெளிக்காற்றில் புதுப் பழக்கம் தொடங்குவதற்கு வருஷத்திலேயே மோசமான நேரம் ஜனவரி மாத விடியற்காலைதான். அந்த நேரத்தைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தோற்றுப்போனோம் என்று அழுவது அநியாயம்.

ஏன் என்று சொல்கிறேன். பருவகால அலர்ஜி என்றால் வசந்தம், பூ, மகரந்தம் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். நம் ஊரிலும் பார்த்தீனியம், சீமைக்கருவேலம் மாதிரி மகரந்தம் பறக்கவிடுபவை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் பக்கத்து மூக்குக்கு வருஷம் வேறு மாதிரி ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சுவரெல்லாம் ஓதம் காத்து, பீரோவுக்குப் பின்னால் பூசணம் பூத்து, மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் அந்த ஈரப்பதத்தில் நன்றாகப் பெருகும். மழை விட்டதும் மார்கழி. ராத்திரி தரை குளிர்ந்துவிடுவதால் தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி அப்படியே படுத்துக்கொள்கிறது, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதற்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் புகை, மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகள், கொடுங்கையூர் குப்பைமேட்டில் எரிந்தால் அந்தப் புகை, எல்லாமே வெயில் ஏறிக் காற்று கலையும்வரை நம் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். நல்ல காற்று என்று நம்பி நீங்கள் வாக்கிங் போவது அந்த நேரத்தில்தான். இது போதாது என்று போகி வேறு. டயர் எரிக்கக்கூடாது என்று வருஷாவருஷம் சொல்கிறார்கள், வருஷாவருஷம் யாராவது எரிக்கிறார்கள்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். தூசிப் பூச்சியோ பூசணமோ அதனளவில் நமக்குப் பெரிய கெடுதி செய்வதில்லை, ஆனால் அலர்ஜி உள்ளவர் உடம்பு அதை எதிரியாக நினைத்துக்கொண்டு ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகிறது, அதனால் மூக்கின் உள்சவ்வு வீங்குகிறது, தண்ணியாக ஒழுகுகிறது, கண்ணும் அண்ணமும் அரிக்கின்றன. புகை அதே சவ்வை இன்னும் எரிச்சல்படுத்துகிறது. சளிக்காய்ச்சல் என்றால் பத்து நாளுக்குள் பெரும்பாலும் போய்விடும். காய்ச்சல் இல்லாமல், எழுந்ததும் வரிசையாகத் தும்மி, கண் அரித்து, வாரக்கணக்கில் இழுத்தால் அலர்ஜியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, இதில் சீன மருத்துவம் எங்கே வருகிறது? நான் படித்தது இயற்கை மருத்துவம், அதோடு அக்குபஞ்சர், பல வருஷமாக ஊசிதான் என் கைத்தொழில். சீன மருத்துவத்தின் ஆதி நூலான ஹுவாங்தி நெய்ஜிங் ஈராயிரம் ஆண்டு பழமையானது. பருவத்துக்கு ஏற்ப எப்படி வாழ்வது என்று அதில் ஒரு பகுதி இருக்கிறது. குளிர்காலம் மூடிச் சேமித்து வைக்கும் காலம், சீக்கிரம் படு, தாமதமாக எழு, வெயில் வரும்வரை காத்திரு என்கிறது. வசந்தம் வந்ததும் சீக்கிரம் எழு, முற்றத்தில் தாராளமாக நட என்கிறது. இதைப் படித்துக் காட்டினால் என் நோயாளிகளுக்குச் சிரிப்பு வரும், குளிர்காலத்தில் லேட்டாக எழுந்திருக்கச் சொல்லும் வைத்தியரை அவர்கள் பார்த்ததில்லை!

அதே நூல் திட்டம் போடும் வேலையைக் கல்லீரலுக்கும், முடிவெடுக்கும் வேலையைப் பித்தப்பைக்கும் கொடுக்கிறது. கல்லீரலுக்கு உரிய பருவம் வசந்தம். வெளியிலிருந்து வரும் காற்றையும் குளிரையும் தோல் மட்டத்திலேயே தடுத்து நிறுத்தும் காவல் சக்தி ஒன்று உண்டு, அதை உடம்பெங்கும் பரப்புவது நுரையீரல், அது தளர்ந்தால் தும்மல் என்பது அவர்கள் கணக்கு. இதை அனாடமியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேனில் உங்கள் கல்லீரலுக்குள் திட்டம் எதுவும் தெரியாது. பார்த்துப் பார்த்துப் பழகியவர்கள் எழுதி வைத்த வாழ்க்கை முறை என்று எடுத்துக்கொண்டால் போதும், அந்த அளவில் இது எனக்கு நிறையப் பயன்பட்டிருக்கிறது. சீனக் காலண்டரில் வசந்தம் தொடங்குவது பிப்ரவரி 4 வாக்கில், அதாவது நம் தை மாதத்தில் மூன்று வாரம் முடிகிற சமயம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நாமும்தான் சொல்கிறோம்.

ஆகவே நான் சொல்வது, இலக்கைக் கைவிடாதீர்கள், தள்ளிப் போடவும் வேண்டாம், பருவத்துக்குத் தக்கபடி அதன் அளவை மாற்றுங்கள். நடைதான் தீர்மானம் என்றால் மார்கழியில் எட்டு மணிக்கு மேல் வெயில் வந்ததும் பதினைந்து நிமிஷம் நடந்தால் போதும், வேலைக்குப் போகிறவர் என்றால் மொட்டைமாடியில் சாயங்காலம் நடங்கள், அதுவும் முடியாத நாளில் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் கை காலை அசையுங்கள். பழக்கம் அறுந்துபோகாமல் இருந்தால் மாசியில் கடற்கரைப் பக்கம் போய் முக்கால் மணி நேரம் நடக்க உடம்பு தானாகவே தயாராக இருக்கும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் விடிகாலை நாலு மணிக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்து படிப்பார்கள், மூக்கடைப்பும் அதற்குப் போட்ட மாத்திரையின் தூக்கமும் சேர்ந்து படித்தது ஒன்றும் மண்டையில் நிற்காது. அவர்களுக்கு ராத்திரி சீக்கிரம் தூங்கி, கதவை மூடிய அறையில் ஆறு மணிக்குத் தொடங்கச் சொல்வேன். வியாசர்பாடியில் பந்து விளையாடும் பையன்கள் கேட்கமாட்டார்கள், பிராக்டிஸ் என்றால் பிராக்டிஸ்தான். அவர்களுக்கு ஒரே நிபந்தனை, இன்ஹேலர் இருந்தால் கோச்சுக்குத் தெரிந்து பையில் இருக்க வேண்டும். சிகரெட்டை விடும் தீர்மானம் மட்டும் இந்த விதியில் அடங்காது, அதை எந்த மாதத்திலும் எந்த நாளிலும் தொடங்கலாம், மூக்கே உங்களுக்கு நன்றி சொல்லும்.

அடுத்தது சிகிச்சை எப்போது. தும்மல் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வருவதைவிட, பருவத்துக்கு ஒரு மாதம் ஒன்றரை மாதம் முன்னாடியே வருவது நல்லது, ஐப்பசி மழையோடு தொந்தரவு தொடங்கும் நம் ஊருக்கு அது புரட்டாசி. ஊசி மயிரிழை மாதிரி மெல்லியது, போடும்போது எறும்பு கடித்த அளவுதான். மூக்குத் துவாரத்தை ஒட்டி இரு பக்கமும், புருவ நடுவில், கையில், முழங்காலுக்குக் கீழே என்று சில புள்ளிகள், இருபது முப்பது நிமிஷம் படுத்திருக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஊசிதானா, உங்கள் கண் முன்னாடி பாக்கெட்டைப் பிரிக்கிறார்களா என்று பாருங்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

எவ்வளவு பலன் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் மகரந்த அலர்ஜி உள்ள 422 பேரிடம் செய்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு நிஜ அக்குபஞ்சர், ஒரு பிரிவுக்குப் பொய்யாக வேறு இடத்தில் ஊசி, மூன்றாம் பிரிவுக்குத் தேவைப்படும்போது செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை மட்டும். ஊசி போட்ட இரண்டு பிரிவிலும் மாத்திரை இருந்தது. எட்டு வாரத்தில் 12 முறை. நிஜ ஊசி போட்டவர்களுக்கு அன்றாடத் தொந்தரவும் குறைந்தது, மாத்திரைத் தேவையும் குறைந்தது, ஆனால் வித்தியாசம் பெரிதல்ல, 16-ஆம் வாரத்தில் அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களின் 2015 வழிகாட்டியும், மருந்தில்லாத வழியை விரும்புபவருக்கு அக்குபஞ்சரைப் பரிந்துரைக்கலாம் என்ற அளவில்தான் சொல்கிறது, மூலிகைகளைப் பற்றிப் பரிந்துரை எதுவும் தரவில்லை. என் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. தொந்தரவு குறைகிறது, தூக்கம் வருகிறது, மாத்திரை குறைகிறது. அலர்ஜி அடியோடு போய்விடும் என்று யாராவது எழுதித் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இங்கே என் தொழில்காரர்கள் சிலர் மேல் எனக்கு இருக்கும் கோபத்தையும் சொல்ல வேண்டும். அக்குபஞ்சருக்கு மத்திய அரசு 2003-ல் சிகிச்சை முறை என்றும் 2019-ல் தனி மருத்துவ முறை என்றும் அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டிய நேரம் இது. ஆனால் "எல்லா இங்கிலீஷ் மருந்தையும் இன்றைக்கே நிறுத்து, டெஸ்ட் எதுவும் எடுக்காதே" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மூக்கு அலர்ஜியும் ஆஸ்துமாவும் அண்ணன் தம்பி. இன்ஹேலரை நிறுத்திவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத்திணறலோடு ஆட்டோ தேடும் குடும்பத்துக்கு எந்தத் தத்துவமும் உதவாது. இன்ஹேலரை, டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயை என்னிடம் வருபவர்கள் யாரும் தானாக நிறுத்தக்கூடாது, குறைப்பது எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை. அந்த ஸ்பிரேயைக் கண்டு பயப்படவும் வேண்டாம், முழுப் பலனுக்குச் சில நாளிலிருந்து ஓரிரு வாரம் ஆகும், நடுச்சுவரில் அடிக்காமல் காது இருக்கும் பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். பயப்பட வேண்டியது மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கும் அடைப்புத் திறக்கும் சொட்டு மருந்துக்கு. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று பாட்டிலில் போட்டிருக்கும். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். அதற்கு மேல் போட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும், அதைத் திறக்க இன்னும் போடுவீர்கள், வருஷக்கணக்கில் சட்டைப்பையில் பாட்டிலோடு திரிகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆன்லைனில் வாங்கிய சீன மூலிகைப் பொட்டலத்தோடும் வருகிறார்கள், லேபிளில் ஒரு எழுத்தும் நமக்குப் புரியாது. மா ஹுவாங் என்ற மூலிகையில் எபிட்ரின் இருக்கிறது, அது பிரஷரை ஏற்றும், நெஞ்சு படபடக்கும்; அமெரிக்காவில் 2004-ல் ஊட்டச்சத்துப் பொருள்களில் எபிட்ராவை, அதாவது இதே மூலிகையை, தடை செய்தார்கள். மூக்கடைப்புக்குச் சேர்க்கும் ஷி சின் என்ற இன்னொரு மூலிகையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கலாம். இயற்கை என்று எழுதியிருப்பதால் அது சாதுவாகிவிடாது. நான் சீன மூலிகை கொடுப்பதில்லை. சுக்கும் இஞ்சியும் அவர்கள் மருந்திலும் நுரையீரலைச் சூடாக்கும் சரக்குகள்தான், உங்கள் வீட்டு சுக்குக் காபியும் மிளகு ரசமும் போதும். பாலை நிறுத்தணுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சீன மருத்துவம் குறைக்கச் சொல்லும், ஆய்வுகளில் பால் சளியைக் கூட்டுவதாக நிரூபணம் இல்லை, உங்களுக்கு ஒத்துக்கொண்டால் குடியுங்கள்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது இரண்டு. மூக்குத் துவாரத்தின் வெளிப்பக்கம், சிரிக்கும்போது கோடு விழுகிற இடத்தில், ஆள்காட்டி விரலால் ஒரு நிமிஷம் வட்டமாக அழுத்துங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தால் புறங்கையில் மேடாக எழும் சதை, அங்கேயும் ஒரு நிமிஷம். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் இந்தக் கைப் புள்ளியைத் தொட வேண்டாம். இரண்டாவது உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், முக்கால் டீஸ்பூன் உப்பு. குழாய்த் தண்ணியையோ கேன் தண்ணியையோ கொதிக்க வைக்காமல் மூக்கில் விடவே கூடாது, அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா இப்படித்தான் உள்ளே போகிறது.

தலையணை உறை, பெட்ஷீட்டை வாரம் ஒருமுறை சுடுதண்ணியில் அலசிப் போடுங்கள். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை. எம்.சி. ரோடு துணிக்கடையிலோ தையல் யூனிட்டிலோ வேலை செய்பவர்களுக்கு மாஸ்க் கட்டாயம், பஞ்சுத் தூசி வருஷம் பூராவும் பறக்கும்.

மூச்சு வாங்கினால், நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால், ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்போ ரத்தமோ இருந்தால் என்னிடம் வராமல் நேராக டாக்டரிடம் போங்கள், பக்கத்திலேயே ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அலர்ஜி என்று நீங்களே முடிவு பண்ணாமல் முதலில் சளிப் பரிசோதனை. இதெல்லாம் பார்த்துவிட்டு ஊசிக்கு வருவதாக இருந்தால் சாப்பிடும் எல்லா மருந்தின் சீட்டையும் எடுத்து வாருங்கள், முக்கியமாக ரத்தத்தை இளக்கும் மாத்திரை. வெறும் வயிற்றோடு வர வேண்டாம், ஊசி போட்டதும் சிலருக்குத் தலை சுற்றும், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.