படகு விடலாம், நீந்தக் கூடாது: ஏன்?

குடிநீர் தரும் நீர்த்தேக்கத்தின் கரையில் நடக்கப் போகிறவர்களுக்கு அந்தப் பலகை பழக்கமானது. மீன் பிடிக்கலாம், துடுப்புப் படகு விடலாம், நீந்தக் கூடாது என்று எழுதியிருக்கும். வாத்துகள் நாள் முழுக்க மிதக்கிற தண்ணீர்தானே, ஒரு மனிதன் இறங்கினால் என்ன கெட்டுவிடும்? எப்படியும் சுத்திகரித்துத்தானே குழாயில் விடுகிறார்கள்? நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமென்றால் அந்தத் தண்ணீர் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பார்வைக்கு அசையாமல் கிடந்தாலும் நீர்த்தேக்கம் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. சுத்திகரிப்பின் முதல் கட்டம் அங்கேதான் நடக்கிறது. ஆற்றில் ஓடிவந்த கலங்கல் தண்ணீர் தேக்கத்துக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்துவிடும். மணல் வாசலிலேயே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்கு அளவுள்ள களிமண் துகள் அசையாத தண்ணீரில் நாளுக்கு ஒரு அடி அளவுக்குத்தான் இறங்கும். அது அடியில் போய்ப் படிவதற்குள், மேலே வெயிலின் புற ஊதாக் கதிர் பல கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. மிச்சத்தில் ஒரு பகுதியை நீரிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. இது எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது நாட்கள்தான். வந்த தண்ணீர் எவ்வளவு காலம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவுக்குத் தெளிகிறது.

அப்புறம் அடுக்குகள். ஆழமான ஏரியில் நீந்தியவர்களுக்கு இது தெரியும்: மார்பு வெதுவெதுப்பில் இருக்கும், காலைக் கீழே நீட்டினால் சில்லென்று இருக்கும். வெயிலில் சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே மிதக்கிறது. 25 டிகிரியில் உள்ள 1,000 லிட்டர் தண்ணீரை 30 டிகிரிக்குச் சூடாக்கினால் அதே கொள்ளளவின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ குறையும். 5 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குப் போனால் கால் கிலோவுக்குச் சற்று மேல்தான் குறையும். வெப்ப வேறுபாடு ஒன்றுதான், ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் விளைவு ஐந்து மடங்கு. அதனால்தான் கோடையில் மேலடுக்கும் கீழடுக்கும் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்தே கிடக்கின்றன.

கீழடுக்குக்குக் காற்றே கிடைக்காது. அங்கே மக்கும் இலைதழைகள் இருக்கிற ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். அப்போது வண்டலில் உள்ள இரும்பும் மாங்கனீசும் தண்ணீரில் கரைய ஆரம்பிக்கும். அந்த மாங்கனீசைப் பிரிக்காமல் விட்டால், வெள்ளைத் துணியில் கறுப்புக் கறையாக வந்து நிற்கும். அதற்காகத்தான் தண்ணீர் எடுக்கும் கோபுரத்தில் வெவ்வேறு உயரங்களில் மதகுகள் வைத்திருக்கிறார்கள். மேலே பாசி, கீழே மாங்கனீசு என்றால் நடுமதகைத் திறப்பார்கள்.

சரி, இதில் நீந்துகிறவர் எங்கே வருகிறார்? அவர் இறங்குவது மேலடுக்கில். மேல்பரப்புத் தண்ணீர் காற்றின் வேகத்தில் சுமார் 2 முதல் 3 சதவீத வேகத்தில் நகரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று என்றால் இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் வரை போய்விடும். நாட்கணக்கில் தங்கித் தெளிய வேண்டிய தண்ணீர், காற்று அந்தப் பக்கம் அடித்தால், ஒரு பிற்பகலிலேயே கோபுரத்தடிக்கு வந்து சேரலாம்.

அந்தத் தண்ணீரில் என்ன வரும் என்பதில்தான் என் கவலை. வேர்வையும் அழுக்கும் பெரிய விஷயமில்லை, அவ்வளவு தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அப்படிப் போகாது. வயிற்றுப்போக்கு உள்ள ஒருவர் ஒரே தடவையில் கோடிக்கணக்கில் அதை வெளியேற்றுவார். அவற்றில் வெறும் பத்து உள்ளே போனாலே இன்னொருவருக்கு நோய் வரலாம். தடித்த கூட்டுக்குள் இருப்பதால் நீச்சல் குளத்தில் போடுகிற அளவு குளோரினில் அது ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். தனியாக மிதந்தால் நாளுக்குச் சில சென்டிமீட்டர்தான் இறங்கும் என்பதால் படிய வைத்துப் பிடிப்பதும் கடினம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டி இது குழாய்க்குள் போனபோது சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள். வாத்தின் எச்சமும் சுத்தமானதல்ல. ஆனால் மனிதனிடமிருந்து வரும் கிருமிதான் இன்னொரு மனிதனை மிக எளிதாகத் தொற்றும்.

படகில் இருப்பவரின் உடல் தண்ணீரில் படாது. அதனால்தான் அவருக்கு அனுமதி. ஆனால் படகுக்கும் ஒரு விதி உண்டு. வேறு ஏரியில் ஓடிய படகின் அடியில் வரிச் சிப்பிகளின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் வந்துவிடும். வளர்ந்ததும் குழாயின் உள்சுவரில் அடுக்கடுக்காக ஒட்டி அதை அடைத்துவிடும். நியூயார்க் நகரின் நீர்த்தேக்கங்களில் படகை நீராவியால் கழுவிய பிறகுதான் இறக்க விடுகிறார்கள். அங்கே நீந்த அனுமதியே கிடையாது. அந்நகரத்துத் தண்ணீரில் பெரும்பகுதி வடிகட்டப்படாமல், கிருமி நீக்கத்துக்குப் புற ஊதா ஒளியும் குளோரினும் மட்டும் பட்டு வீடுகளுக்குப் போகிறது என்பதை நினைத்தால் அந்தக் கண்டிப்பு புரியும்.

கோபுரத்தைச் சுற்றி மிதக்கும் மிதவை வரிசையைப் படகில் போகிறவர்களும் தாண்டக் கூடாது. மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். 10 மீட்டர் ஆழத்தில் மதகு திறந்து, மறுபக்கம் குழாய் காலியாக இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அழுத்தும். 30 சென்டிமீட்டர் சதுரத் திறப்பை ஒருவரின் முதுகு மூடிக்கொண்டால் அது 900 கிலோ. பக்கத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அவரை இழுத்து விடுவிக்க முடியாது.

கரையில் நடக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீலப்பச்சைப் பாசியின் உயிரணுக்களுக்குள் நுண்ணிய வாயுப் பைகள் இருக்கின்றன. காற்றில்லாத இரவில் அவை மேலே எழும்பி வந்து, காலைத் தென்றலில் ஒரு கரையோரமாக ஒதுங்கும். பச்சைப் பெயின்ட் கொட்டியது போலிருக்கும். அதில் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு இருக்கலாம். தாகத்தில் நக்கிய நாய்கள் செத்திருக்கின்றன. சில பாசிகள் ஜியோஸ்மின் என்ற பொருளையும் விடும். முதல் மழையின் மண்வாசனையாக நாம் ரசிப்பது இதே பொருளைத்தான். லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் பத்துப் பங்கு இருந்தாலே பலரின் மூக்குக்குத் தெரிந்துவிடும். கரையில் பச்சைப் படலத்தைப் பார்த்தாலோ தண்ணீரிலிருந்து அந்த வாசனை வந்தாலோ, பலகையில் உள்ள எண்ணுக்கு உடனே சொல்லிவிடுங்கள். எந்த மதகைத் திறப்பது என்று அன்று காலையே முடிவெடுக்க அவர்களுக்கு அது உதவும்.