ஏசி, தண்ணீர், கழிப்பறை: அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வருபவர்கள் கவனிக்க வேண்டியவை

பாரிஸில் ஒரு நடுத்தர ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் அறைகளை நிரப்புபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள்தான். அங்கே பல வருடம் வாழ்ந்துவிட்டு, ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டு வரும் நம்மவர்களும் அவர்களில் உண்டு. குறைகள் வருடம் மாறினாலும் மாறுவதில்லை. ஏசி குளிரவில்லை. ஐஸ் இல்லை. குடிக்கிற தண்ணீருக்குக் காசு, அதைக் கழிக்கவும் காசு. நாலு மணிக்குப் பசித்தால் சாப்பிட இடமில்லை. ஜன்னலில் கொசுவலை இல்லை. லிஃப்டில் ஒரு பெட்டி வைத்தால் ஆள் ஏற முடியவில்லை.

இவற்றில் பலவற்றுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. பழைய கட்டடம், சட்டம், ஊர்ப்பழக்கம், மின்சார விலை என்று ஏதோ ஒன்று. தெரிந்துகொண்டு வந்தால் கோபம் வராது. ஆனால் சூடான அறை, குடிக்காத தண்ணீர், கிடைக்காத கழிப்பறை ஆகிய மூன்றையும் அப்படி விட முடியாது. தனித்தனியே பார்த்தால் சில்லறைத் தொல்லைகள். கடும் வெயில் நாளில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு மூன்றும் சேர்ந்தால், அது ஆஸ்பத்திரியில் போய் முடிகிறது. அதை என் கண்ணால் பார்த்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏசி. அமெரிக்காவில் பத்து வீடுகளில் ஒன்பதில் ஏசி இருக்கிறது. ஐரோப்பாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில்தான். வட ஐரோப்பா குளிரைச் சமாளிக்கக் கட்டப்பட்டது, வெயிலை நினைத்து அல்ல. பாரிஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய கட்டடங்களின் கூரை பெரும்பாலும் துத்தநாகத் தகடு. பகலெல்லாம் காய்ந்த தகடு ராத்திரியும் கீழே அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். வெளியே ஏசி பெட்டி மாட்டலாமென்றால், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் கட்டடத்தில் முகப்பைத் தொடுவதற்கே தனி அனுமதி வேண்டும். பாரிஸின் நடுப்பகுதியில் அந்த வட்டத்துக்குள் வராத தெருவைத் தேடத்தான் வேண்டும்.

ஏசி இருக்கும் இடத்திலும் அமெரிக்காவில் போல 18 டிகிரிக்குக் கொண்டுபோக முடியாது. பிரான்ஸில் உள்ளே 26 டிகிரியைத் தாண்டினால்தான் குளிரூட்ட வேண்டும் என்பது விதி. 2022இல் எரிவாயு நெருக்கடி வந்தபோது ஸ்பெயின் கடைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் 27 டிகிரிக்குக் கீழே இறக்கக் கூடாது என்றது. இத்தாலி அரசு அலுவலகங்களுக்குக் கொண்டுவந்த வரம்பு நடைமுறையில் 25. அறைச் சுவரிலிருக்கும் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் மத்தியக் கருவி அனுமதிக்கும் அளவுக்குக் கீழே குளிர் இறங்காது. வேலை செய்யவில்லை என்று எங்கள் மேசைக்கு வரும் புகார்களில் பாதி இதுதான்.

ஹோட்டல்காரர்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. பல பழைய ஹோட்டல்களில் கட்டடம் முழுவதற்கும் ஒரே ஜோடிக் குழாய். குளிர்காலத்தில் அதில் வெந்நீர் ஓடும், கோடையில் குளிர்நீர். ஒரே நேரத்தில் இரண்டும் ஓடாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் வேலை. ஆகவே ஏப்ரலிலோ அக்டோபரிலோ திடீரென்று வெயில் அடித்தால், ஏசி உள்ள அறையிலும் ஏசி வராது. வரவேற்பில் நிற்பவரைத் திட்டி எந்தப் பயனும் இல்லை.

அறை எடுக்கும்போது "ஏசி உண்டா" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். அறைக்குள் உண்டா, கீழே வரவேற்புக் கூடத்தில் மட்டுமா, நான் வரும் தேதியில் குளிரூட்டல் ஓடுமா என்று எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் காற்றை லேசாகக் குளிர்விக்கும் கருவி மட்டும் இருக்கும், அதையும் ஏசி போலவே விளம்பரம் செய்வார்கள். வயதானவர்கள் கூட வந்தால் கூரைக்குக் கீழுள்ள மாடி வேண்டவே வேண்டாம். ஈஃபில் கோபுரம் தெரிகிற அறை என்று ஆசைப்பட்டு உச்சி மாடியை எடுப்பவர்கள் அதிகம். அம்மாவுக்கு இரண்டாம் மாடியில், முற்றத்தைப் பார்த்த அறை கேளுங்கள். காட்சி சுமாராக இருக்கலாம், ராத்திரி தூக்கம் வரும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2003 ஆகஸ்ட்டில் இந்த நாட்டில் வெயிலால் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். கூரைக்கு நேர் கீழே குடியிருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது என்று பிறகு நடந்த ஆய்வு காட்டியது. அதன் பிறகுதான் அரசு வெப்ப அலைக்கென்று தனித் திட்டம் போட்டது, முதியோர் இல்லங்களில் குளிர்ந்த அறை ஒன்றாவது இருக்க வேண்டும் என்றும் ஆக்கியது. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. "ஐரோப்பா குளுகுளு என்று இருக்கும்" என்று நம்பி ஸ்வெட்டர் அடுக்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

ஏசி இல்லாமல் இங்குள்ளவர்கள் எப்படி இருக்கிறார்கள்? காலையில் வெயில் ஏறுமுன் ஜன்னலையும் அதற்கு வெளியே உள்ள மரக்கதவையும் இறுக்கி மூடிவிடுவார்கள். அறை இருட்டாகக் கிடக்கும். ராத்திரி வெளிக்காற்று ஆறியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுவார்கள். அமெரிக்க விருந்தினர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பகலில் காற்று வரட்டும் என்று விரியத் திறந்துவைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார்கள், மாலையில் வந்தால் அறை அடுப்பாகக் கொதிக்கும். மதிய நேரத்தை எங்கே கழிப்பது என்பதையும் யோசியுங்கள். லூவ்ர் அருங்காட்சியகம் சேன் ஆற்று நீரைப் பயன்படுத்தும் நகரக் குளிரூட்டல் வலையமைப்போடு இணைக்கப்பட்டது, அங்கே மதியத்தைக் கழிக்கலாம். கல்லால் கட்டிய பெரிய தேவாலயங்களும் குளுமையாகவே இருக்கும். திறந்த மாடி பஸ்ஸில் இரண்டு மணிக்கு ஊர் பார்ப்பது வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். அமெரிக்காவில் உட்கார்ந்ததுமே ஐஸ் மிதக்கும் தம்ளர் வந்துவிடும். இங்கே கேட்டால்தான் வரும், அதுவும் சரியாகக் கேட்டால். வெறுமனே தண்ணீர் என்றால் சீல் உடைக்காத பாட்டில் வரும், பில்லில் ஐந்தாறு யூரோ ஏறும். பிரான்ஸில் "யூன் கராஃப் தோ, சில் வூ ப்ளே" என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும், காசு கிடையாது. சாப்பாட்டோடு சாதாரணத் தண்ணீரை இலவசமாகத் தருவது இங்கே சட்டக் கடமை. ஸ்பெயினும் 2022இல் அப்படிச் சட்டம் போட்டது. இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அந்தக் கட்டாயம் இல்லை, பாட்டிலுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஆனால் தெருவில் இறங்கினால் கதை வேறு. பாரிஸில் பச்சை நிற வார்ப்பிரும்பு நீரூற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் நகரத்துக்குக் கொடுத்தவை. பலர் அவற்றின் முன் நின்று போட்டோ எடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் பாட்டில் வாங்கப் போகிறார்கள். அது குடிநீர். ரோமில் 1874 முதல் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கும் நாசோனி குழாய்கள் சுமார் 2,500. வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து பீறிடும், குனியாமலே குடிக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. ஆளுக்கொரு பாட்டில் கையில் இருந்தால் போதும்.

தண்ணீர் கிடைத்தும் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் கழிப்பறை.

ஒரு ஜூலை மாலை, நியூஜெர்சியிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் வெளியே போய்விட்டுத் திரும்பியது. அம்மா நேராகக் கூடத்து சோபாவில் சரிந்து உட்கார்ந்தார். உதடு வெடித்திருந்தது. செருப்பைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே அசையாமல் இருந்துவிட்டார். மகன், "ஜெட் லாக்தான் அண்ணா, தூங்கினா சரியாயிடும்" என்றார். நான் அம்மாவிடம் எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்டேன். "காலையில காபி குடிச்சதோட சரி தம்பி. தண்ணி குடிச்சா பாத்ரூம் தேடணும். ஒவ்வொரு தடவையும் இவங்க கடை கடையா ஏறி இறங்கறாங்க, காசு கொடுக்கறாங்க. பிள்ளைங்க ஊரு பாக்க வந்திருக்காங்க, நான் எதுக்கு இடைஞ்சல்" என்றார். பேச்சு குழறியது. ஆம்புலன்ஸுக்கு 15ஐ அழைத்தோம். ராத்திரி முழுக்க ட்ரிப்ஸ் ஏறியது, மறுநாள் திரும்பிவிட்டார். மகனுக்குத் தெரியவே தெரியாது, அம்மா நாள் முழுக்கத் தாகத்தை அடக்கிக்கொண்டு நடந்தார் என்பது.

நம் அம்மாக்கள் கேட்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

கழிப்பறைக்குக் காசு வாங்குவது அமெரிக்கர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. அவர்கள் ஊரிலும் ஒரு காலத்தில் நாணயம் போட்டால் திறக்கும் கழிப்பறைகள் இருந்தன. 1970இல் மாணவர்கள் ஓர் இயக்கமே தொடங்கி அதை எதிர்த்தார்கள், 1973இல் சிகாகோ நகரம் தடை செய்தது, பிறகு பல மாநிலங்கள். ஐரோப்பாவில் அப்படி நடக்கவில்லை. இத்தாலிய ரயில் நிலையத்தில் ஏறக்குறைய ஒரு யூரோ. ஜெர்மன் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் பெரும்பாலும் ஒரு யூரோ, அதே மதிப்புக்குக் கூப்பன் கையில் கிடைக்கும், கடையில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே சில்லறை நாணயங்களை ஒரு தனிப் பையில் போட்டு, மகனிடம் அல்ல, அம்மாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

பாரிஸில் தெருவோரம் நிற்கும் சாம்பல் நிறத் தானியங்கிக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி, உள்ளே தானாகவே கழுவி முடித்த பிறகுதான் அடுத்தவருக்குத் திறக்கும். நல்லெண்ணத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரை உள்ளே விடாதீர்கள், கழுவல் நடக்காமல் போகும். அருங்காட்சியகத்துக்குள் இருக்கும்போது தேவை இருக்கிறதோ இல்லையோ ஒருமுறை போய்வந்துவிடுவது நல்லது. மற்ற நேரத்தில் ஒரு கஃபேயில் நின்றபடியே ஒரு காபி வாங்குங்கள், கழிப்பறையும் கிடைத்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன், சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்காக. பிரான்ஸில் பல உணவகங்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்கு அடுப்பு அணைந்தால் மாலை ஏழுக்குத்தான் மறுபடி எரியும். ஸ்பெயினில் ஒன்பது மணிக்குத்தான் கூட்டமே வரும். இடையில் பேக்கரியில் சாண்ட்விச் கிடைக்கும், பிரஸரி என்ற வகை உணவகங்கள் சில நாள் முழுக்கச் சமைக்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே பழம், பிஸ்கெட் வாங்கி வையுங்கள்.

டிப்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கான மத்தியச் சட்டக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர், 1991 முதல் மாறவில்லை. அங்கே டிப்ஸ்தான் சம்பளம். பிரான்ஸில் சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருக்கும். திருப்தியாக இருந்தால் ஓரிரு யூரோ வையுங்கள், போதும். பில் கேட்காமல் வராது, அது அலட்சியம் அல்ல, உங்களை எழுப்பிவிடக் கூடாது என்ற மரியாதை.

ஹேர் ட்ரையரை மட்டும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவராதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. கம்பி சிவந்து, கருகிய வாடை வந்து, அறையின் மின்சாரமே போகும், மேசையில் துணி இருந்தால் தீயும் பிடிக்கும். போன், லேப்டாப் சார்ஜர்களில் 100–240 என்று அச்சிட்டிருக்கும், அவற்றுக்குப் பயமில்லை.

கிளம்புமுன் செய்ய வேண்டியது: பெற்றோருக்கு ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைக் கூட்டும் மாத்திரை இருந்தால், கடும் வெயிலில் எப்படி எடுப்பது என்று அவர்களுடைய டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இங்கே பாராசிட்டமால்கூட சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, பச்சைச் சிலுவை போட்ட மருந்தகத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வானிலைத் துறை வெப்ப எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வெளியிடும். ஆரஞ்சு வந்த நாளில் மதியப் பயணத்தை ரத்து செய்யுங்கள்.

குழறிய பேச்சு, தடுமாறும் நடை, கொதிக்கும் தோல் என்று எதைக் கண்டாலும் ஜெட் லாக் என்று படுக்க வைக்காதீர்கள். பிரான்ஸில் 15, ஐரோப்பா முழுக்க 112. முகவரியோடு மாடி எண்ணையும் சொல்லுங்கள். இங்கே தரைத்தளம் 0, அதற்கு மேலேதான் ஒன்று. அமெரிக்கக் கணக்கில் ஐந்தாவது மாடி என்று சொல்லிவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்கள் ஒரு மாடி மேலே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.