கையைத் தூக்கினால் சட்டையில் ஓட்டை

நிறுவனத்தின் சின்னமாக வரைந்த கேரக்டரை அனிமேஷன் செய்து தரச் சொல்லி எனக்கு வந்த கோரிக்கைகளில், இந்த மாதத்தில் இது மூன்றாவது. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. மின்னஞ்சலில் ஒரு ஜேபெக் படம் வந்தது: கட்டம் போட்ட சட்டை, காற்றில் பறக்கும் முடி, மார்பின் மேல் வைத்த கை, முகம் நிறையச் சிரிப்பு. கூடவே ஒரு வரி: "கேரக்டர் ரெடி, 20 விநாடிக்கு லேசா அசைச்சுக் கொடுத்தா போதும்."

சரி, அந்தக் கையைத் தூக்கி வணக்கம் சொல்ல வைக்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். கை இருந்த இடத்தில் சட்டை இல்லை, வெறும் ஓட்டைதான் இருக்கிறது, ஏனென்றால் கைக்குப் பின்னால் யாரும் எதையும் வரையவில்லை. தலையைத் திருப்பினால் காது எங்கே வரும், அந்த முடி பின்பக்கம் எப்படி விழும், தெரியாது. உங்களிடம் இருப்பது ஒரு நல்ல படம், அவ்வளவுதான். முன்பக்கம், முக்கால்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் நான்கையும் ஒரே உயரத்தில் நிறுத்தி வரைந்த மாடல் ஷீட் வேண்டும், முகபாவங்கள் வேண்டும், பேச வேண்டுமென்றால் வாய் வடிவங்களும் வேண்டும். ஆ-வுக்குத் திறந்த வாய், ஊ-வுக்குக் குவிந்த வாய், ப-வுக்கும் ம-வுக்கும் மூடிய உதடு. அந்த மூடிய உதடு விட்டுப்போனாலே போதும், குரல் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம் போவது குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்காதா?" இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. விநாடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 20 விநாடிக்கு 240 படங்கள். ரிக் செய்தால், அதாவது உறுப்புகளைப் பொம்மலாட்டப் பொம்மைபோல மூட்டு வைத்து இணைத்தால், அத்தனையும் வரைய வேண்டியதில்லை, உண்மைதான், ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் தனித்தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்கள் மாதிரி) இருந்தால்தானே ரிக் செய்ய முடியும்? ஒட்டுமொத்தமாக ஒரே தாளாகிவிட்ட ஜேபெக்கில் எதைப் பிடித்து மடக்குவது? அந்தக் கட்டம் போட்ட சட்டை இன்னொரு தலைவலி. கையால் வரைந்தால் ஃபிரேமுக்கு ஃபிரேம் கோடுகள் துடித்துக்கொண்டே இருக்கும்.

மிஷ்லின் டயர் நிறுவனத்தின் சின்னமான டயர் மனிதரைப் பாருங்கள். 1898-இல் சுவரொட்டிக்கு வந்தவர், அடுக்கிவைத்த டயர்கள்தான் உடம்பே. (அந்தக் காலத்து டயர் கறுப்பாக இருக்காது, அதனால்தான் அவர் வெளுப்பு.) எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே வளையங்கள். முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் அவர்தான் என்று தெரிகிறது. உங்கள் கதாபாத்திரத்தையும் அப்படிக் கறுப்பாக்கிப் பாருங்கள், அப்புறம் 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பாருங்கள். அடையாளம் தெரியவில்லையா, ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணத்தைக் கொடுத்து முடிக்கும் முன் லேயர் பிரித்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அதை மாற்றவும் அசைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது. பழைய படத்தை வரைந்தவரைத் தேடிப்பிடித்துக் கெஞ்சியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இனிமேல்தான் வரையச் சொல்லப்போகிறீர்கள் என்றால், தயவுசெய்து, இது பின்னாளில் அசையும், பேசும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கைக்குப் பின்னால் இருக்கும் சட்டையையும் அன்றைக்கே வரைந்து வைத்துவிடலாம்.