சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன் மனு கொடுப்போர் கவனத்திற்கு

சட்டமன்றம் கூடப்போகிறது என்ற செய்தி வந்ததும் உறுப்பினர் அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், பாலம், பேருந்து என்று ஆளுக்கொரு காகிதத்துடன் நிற்கிறார்கள். அந்தக் காகிதங்களில் பெரும்பாலானவை பேரவை வரை போவதே இல்லை. ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துவரும் எனக்கு, நியாயமான கோரிக்கைகள் எழுதிய முறையாலும் கொடுத்த இடத்தாலும் தோற்றுப்போவதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துவிட்டது.

உறுப்பினர் ஒரு கோரிக்கையை வினா நேரத்தில் கேட்கலாம். ஒவ்வொரு துறைக்கும் நிதி ஒதுக்கப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாயாக இருந்துவரும் தொகுதி மேம்பாட்டு நிதியிலும் எடுக்கலாம். 2022 ஆகஸ்டில் 234 தொகுதிகளின் உறுப்பினர்களிடமும் மிக முக்கியமான பத்துக் கோரிக்கைகளை மாவட்ட ஆட்சியரிடம் தருமாறு முதலமைச்சர் ஸ்டாலின் கேட்டிருந்தார். பல தொகுதிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருக்க, அந்தப் பட்டியலில் இடமோ பத்துக்குத்தான் இருந்தது. பெரிய ஊரின் புறவழிச்சாலைக்கும் கல்லூரிக்கும் நடுவே சிற்றூரின் தரைப்பாலம் தானாக வந்து சேராது. ஆகவே கூட்டத்தொடர் தொடங்கிய பின் போய் நிற்பதில் பயனில்லை. உறுப்பினர் எதைப் பேசுவது என்று முடிவு செய்வதற்கு முன்பே போக வேண்டும்.

முதலில் அந்தச் சாலை அல்லது வாய்க்கால் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். ஊராட்சியா, ஊராட்சி ஒன்றியமா, நெடுஞ்சாலைத் துறையா, நீர்வளத் துறையா, கோயில் நிலமா என்பது தெரியாமல் எழுதிய மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும். எங்கள் பக்கத்து ஊரார் தரைப்பாலம், குடிநீர், தெருவிளக்கு, பேருந்து நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அது நான்கு துறைகளுக்குப் பிரிந்து போனது. பாலத்தைப் பற்றி மட்டும், சாலை எங்களுடையது, வாய்க்கால் எங்களுடையதன்று என்று ஓர் அலுவலகமும், வாய்க்கால் எங்களுடையது, சாலை எங்களுடையதன்று என்று மற்றோர் அலுவலகமும் பதில் அனுப்பின. ஒரு கடிதத்தில் தீர்ந்திருக்க வேண்டிய காரியத்துக்கு இரண்டு மழைக்காலங்கள் கழிந்தன. பிள்ளைகள் அதுவரை சுற்றுவழியாகவே பள்ளிக்கு நடந்தார்கள்.

உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தையே வெற்றியாக நினைத்துவிடாதீர்கள். அது ஆட்சியருக்குப் போய், அங்கிருந்து வட்டாட்சியருக்கோ வட்டார வளர்ச்சி அலுவலருக்கோ இறங்கி, பல நேரங்களில் உங்கள் மனுவை முன்பு முடித்துவைத்த அதே மேசைக்கே வந்து சேரும். பேரவையில் அமைச்சர் சொல்லும் பதிலுக்கும் கீழ்நிலை அலுவலகத்தின் அறிக்கைதான் அடிப்படை. எனவே முன்பு வந்த பதில்களின் நகல், மனு எண், ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றை உறுப்பினரிடம் கொடுங்கள். அவை கையில் இருந்தால், மனுவே வரவில்லை என்று யாரும் எழுத முடியாது.

உறுப்பினர் வழி அடைபட்டால், மக்களின் மனுக்களை ஆராயும் உறுப்பினர்கள் குழுவான பேரவையின் மனுக்கள் குழு இருக்கிறது. குழு உங்கள் மாவட்டத்துக்கு வருமுன் மனுக்கள் கேட்டு ஆட்சியரின் செய்திக்குறிப்பு வெளியாகும். அது பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கத்தில் சிறியதாக வருவதால் பலருக்குக் கடைசி நாள் கழிந்த பிறகே தெரிகிறது. தாமதமாகப் போகும் மனுவைக் குழு எடுத்துக்கொள்வதில்லை.

அந்தக் குறிப்பில் உள்ள நிபந்தனைகளில்தான் ஏழைகள் அதிகம் சிக்குகிறார்கள். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். தமிழில், தேதியிட்டுக் கையொப்பத்துடன் ஐந்து நகல்கள் தர வேண்டும். ஒருவரே பல மனுக்கள் கொடுத்தாலும் ஒன்றைத்தான் ஆய்வுக்கு எடுப்பார்கள். ஆகவே ஊரில் மூன்று பிரச்சினைகள் இருந்தால் மூன்று பேர் தனித்தனியாக எழுதுங்கள். பட்டா, முதியோர் ஓய்வூதியம், அரசு வேலை, வங்கிக் கடன், அலுவலர் மீதான புகார், நீதிமன்றத்தில் உள்ள வழக்கு எதுவும் அங்கே ஏற்கப்படாது. ஓய்வூதியம் நின்றுபோன ஒரு பாட்டி ஐந்து நகல் எடுக்கக் கூலிப் பணத்தைச் செலவழித்துவிட்டுத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் முன்கூட்டியே சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் நேரமில்லை. இத்தகைய தனிநபர் குறைகளைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். பதில் வராவிட்டால் அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

மனு ஏற்கப்பட்டால், குழு மாவட்ட அலுவலர்களிடம் மனுதாரர் முன்னிலையிலேயே விளக்கம் கேட்கும். அழைப்பு தனியாக வரும் என்பதால் கதவு எண்ணும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் பிழையில்லாமல் இருக்கட்டும். அன்று அலுவலர் “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்று சொல்லக்கூடும். உடனே எந்த நிதியாண்டில், எந்த நிதியிலிருந்து, மதிப்பீடு தயாரானதா என்ற மூன்றையும் குழுத் தலைவர் முன்னிலையிலேயே பணிவாகக் கேட்டு, அலுவலர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.