டேங்குக்குள் மிதக்கும் முள்

மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு ஊட்டிக்குக் கிளம்புகிறோம். இன்னும் 120 கிலோமீட்டர் போகலாம் என்று காரின் மீட்டர் போர்டு காட்டுகிறது. ஊட்டி 50 கிலோமீட்டர்தான். சரி, பெட்ரோலை மேலே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அந்த எண் சரிய ஆரம்பிக்கும். பர்லியாறு பக்கம் 80, குன்னூர் நெருங்கும்போது 40. ஓடியது முப்பது கிலோமீட்டர் இருக்கும். காணாமல் போனதோ எண்பது!

டேங்க் ஒழுகவில்லை, மீட்டரும் கெட்டுப்போகவில்லை. அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சரிவு நியாயமானது என்பது புரியும்.

முதலில், பெட்ரோல் அளவைக் காட்டும் முள். டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது, ஒரு கம்பியின் நுனியில். பெட்ரோல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்கும் பந்தைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசியபடி நகரும். எந்த இடத்தில் உரசுகிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும். அதை அளந்துதான் முள் நகர்கிறது. ஆக, கார் அளப்பது மிதவையின் உயரத்தை. லிட்டர் என்பது அந்த உயரத்திலிருந்து ஊகிக்கப்படுவது.

டேங்க் ஒரு செவ்வகப் பெட்டியாக இருந்தால் இந்த ஊகம் சுலபம். பாதி உயரம் என்றால் பாதி பெட்ரோல். ஆனால் கார் டேங்க் அப்படி இருப்பதில்லை. பின்சீட்டுக்கு அடியில், சைலன்சர் குழாய்க்கும் சஸ்பென்ஷனுக்கும் வழிவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் எப்படி அடங்குமோ அப்படி வார்க்கப்பட்டிருக்கும். சில கார்களில், குறிப்பாகப் பின்சக்கரங்களுக்குச் சக்தி போகும் வண்டிகளில், நடுவே சுழலும் தண்டுக்கு இடம்விட வேண்டும். அங்கே டேங்க் குதிரைச் சேணம் போல இருபுறமும் தொங்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மிதவை வைப்பார்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் உள்ள டேங்கில், மிதவை மேலே ஓர் அங்குலம் இறங்க ஆகும் பெட்ரோலைவிடக் கீழே ஓர் அங்குலம் இறங்க ஆகும் பெட்ரோல் குறைவு. உயரத்தை லிட்டராக மாற்றும் அட்டவணை இன்றைய கார்களின் கணினியில் உண்டு. ஆனாலும் எல்லா வண்டியிலும் அது துல்லியமாக இருப்பதில்லை.

அப்புறம் இரண்டு ஓரங்கள். ஆட்டோ கட் ஆகும்வரை, அதாவது பங்க்கின் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பினால் மிதவை தன் உச்ச நிலையில் முட்டி நின்றுவிடும், அதற்கு மேலும் பெட்ரோல் ஏறும். ஆகவே முதல் சில லிட்டர் செலவாகும்வரை முள் அசையாது. அடியில் இதற்கு நேர் எதிர்: முள் வெறுமையைத் தொட்ட பின்பும் டேங்கில் கொஞ்சம் இருக்கும்படி வைத்திருப்பார்கள். அது வேண்டுமென்றே செய்வது. முதல் பாதி நிதானமாகவும் இரண்டாம் பாதி விறுவிறுவென்றும் தீர்வதாகப் பலர் சொல்வதற்கு டேங்கின் வடிவமும் உச்சியில் நின்றுபோன மிதவையும்தான் பெரும்பாலும் காரணம்.

பெட்ரோல் தளும்பவும் செய்யும். பிரேக் பிடித்தால் முன்னால் பாயும், வளைவில் ஒருபக்கம் ஒதுங்கும். முள்ளும் கூடவே ஆடினால் யாரும் பார்க்க முடியாது. ஒருவகைப் பழைய மீட்டர்களில் மின்சாரத்தால் சூடாகி மெல்ல வளையும் ஈருலோகத் தகடுதான் முள்ளைத் தள்ளியது. அது சூடாகவும் ஆறவும் நேரமாகும் என்பதால் ஆட்டம் தானாகவே அடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. இப்போது அந்த வேலையைக் கணினி செய்கிறது: பல விநாடிகளாக வந்த அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, அதன்படி முள்ளை மெதுவாக நகர்த்துகிறது.

இந்த நிதானத்தால் வரும் ஒரு சங்கடம் நம் ஊரில் அடிக்கடி சண்டையாக மாறுகிறது. பங்க்கில் 300 ரூபாய்க்குப் போடுகிறோம், முள் அசையவே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபம் வருகிறது. லிட்டர் 100 ரூபாய் வாக்கில் விற்கும்போது அது 3 லிட்டர். 37 லிட்டர் டேங்கை 8 கட்டங்களாகக் காட்டும் வண்டியில் ஒரு கட்டமே நாலரை லிட்டருக்கு மேல். சில கார்களின் கணினி சின்ன ஏற்றத்தைத் தளும்பல் என்று எண்ணி ஒதுக்கிவிடுவதும் உண்டு, அதுவும் இக்னிஷனை அணைக்காமல் போட்டால். அளவில் உண்மையாகவே சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக்காட்டச் சொல்லிக் கேட்கலாம். பங்க்கில் அதை வைத்திருக்க வேண்டும். முள்ளை மட்டும் சாட்சியாக வைத்து அங்கே வேலை செய்பவரைத் திட்டுவது நியாயமில்லை.

இப்போது அந்த 120-க்கு வருவோம். இதற்குக் கணினி எடுப்பது இரண்டு எண்கள்: மிதவை சொல்லும் மிச்ச லிட்டர், சமீபத்தில் வண்டி கொடுத்த மைலேஜ். இரண்டையும் பெருக்கினால் தூரம். மைலேஜ் கணக்கு ஓரளவு நம்பகமானது. எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதை வைத்து எவ்வளவு பெட்ரோல் உள்ளே போனது என்று கணினிக்குத் தெரியும். ஆனால் அது கடந்துவந்த சாலையின் மைலேஜ். கோவையிலிருந்து சமவெளியில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்து வந்த கார், முன்னால் மலை இருப்பதை அறியாமலே 120 என்று காட்டுகிறது. அப்படியானால் டேங்கில் உள்ளது ஏழரை லிட்டர்.

மலை எவ்வளவு கேட்கும்? மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1900 மீட்டர். நாலு பேரும் மூட்டை முடிச்சுமாக வண்டி 1500 கிலோ என்று வைப்போம். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க 28 மெகாஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. பரவாயில்லையே, ஒரு லிட்டர் போதுமே என்று நினைத்துவிடக்கூடாது. அதில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். சக்கரத்துக்கு வந்துசேர்வது கால்பங்கு அளவுதான், அதாவது 8 மெகாஜூல். ஆக, தூக்குவதற்கு மட்டும் மூன்றரை லிட்டர். சமவெளியாக இருந்தாலும் 50 கிலோமீட்டருக்கு ஆகும் 3 லிட்டர் சொச்சம் தனி. கூட்டினால் ஏழு லிட்டரைத் தொட்டுவிடும். இருந்ததே ஏழரை. எத்தனால் கலந்த பெட்ரோலில் நிலைமை இன்னும் கொஞ்சம் இறுக்கம், ஏனென்றால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஏற்றத்தில் வண்டியின் மூக்கு நிமிர்வதால் பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் சேரும். மிதவை பின்பக்கம் இருந்தால் உள்ளதைவிட அதிகமாகவும், முன்பக்கம் இருந்தால் குறைவாகவும் காட்டும். அதனால் சரிவில் நிறுத்தி முள்ளைப் பார்த்துப் பயனில்லை.

திரும்பும்போது இதெல்லாம் தலைகீழாகும். கியரில் வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெரும்பாலான இன்றைய கார்களில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றும். மீட்டரில் தூரம் ஏறிக்கொண்டே போகும். நியூட்ரலில் விட்டால் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: நியூட்ரலில் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் இருக்கும். மலையிறக்கத்தில் எஞ்சின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது உயிரோடு விளையாடுவது.

கடைசித் துளிவரை ஓட்டிப் பார்க்கலாமா? வேண்டாம். இப்போதைய கார்களில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதைக் குளிரவைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். காற்றை உறிஞ்ச ஆரம்பித்தால் சூடேறித் தேயும்.

உங்கள் வண்டியின் முள்ளைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முள் முக்கால், பாதி, கால் வரும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று குறித்துவையுங்கள். ரிசர்வ் விளக்கு எரிந்ததும் முதல் பங்க்கில் நுழைந்து மறுபடியும் ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். கையேட்டில் உள்ள டேங்க் கொள்ளளவிலிருந்து போட்ட லிட்டரைக் கழித்தால், விளக்கு எரியும்போது உள்ளே ஏறத்தாழ எவ்வளவு மிச்சமிருந்தது என்பது தெரியும். என் காரில் அந்தக் கணக்கு ஒரு துண்டுச் சீட்டில் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் நிற்கும்போது நான் பார்ப்பது அந்தச் சீட்டைத்தான்.