மூளைச் செல்லைச் சாகடிப்பது வெளியாள் இல்லை

பக்கவாதம் வந்தால் ரத்தம் போகாமல் மூளைச் செல்கள் செத்துவிடுகின்றன என்று சொல்கிறோம். சரி, ரத்தம் நின்றதும் செல் எப்படித்தான் சாகிறது? பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிக் கிடந்த நொதிகள்தான் அதன் கதையை முடிக்கின்றன. புரதங்களைத் துண்டாக்கும் கால்பெய்ன், காஸ்பேஸ் என்ற இரண்டு குடும்பங்கள் இதில் முக்கியமானவை.

கால்பெய்னைத் தட்டி எழுப்புவது கால்சியம். செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றவே செல் ஓயாமல் ஆற்றலைச் செலவழிக்கிறது. ரத்தம் நின்றால் சில நிமிடங்களில் அந்த ஆற்றல் தீர்ந்துபோகும், நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கட்டுப்பாடில்லாமல் வெளியே கொட்டும், அது பக்கத்துச் செல்களின் வாசல்களைத் திறந்துவிட, கால்சியம் வெள்ளமாக உள்ளே வரும். விழித்த கால்பெய்ன் செல் சவ்வின் உட்புறம் வலை போலத் தாங்கி நிற்கும் ஸ்பெக்ட்ரினை வெட்டுகிறது. அதோடு விட்டாலும் பரவாயில்லை, கால்சியத்தை வெளியேற்றும் புரதம் ஒன்றையும், தன்னையே அடக்கிவைக்கும் கால்பாஸ்டாட்டினையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. அப்புறம் யார் தடுப்பது?

காஸ்பேஸ் நிதானமான ஆசாமி. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்ததும் முதலில் காஸ்பேஸ்-9 விழிக்கும், அது காஸ்பேஸ்-3ஐ எழுப்பும், அது டிஎன்ஏவை நறுக்கும் நொதியின் பூட்டைத் திறந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கே கொஞ்சம் ஆற்றல் வேண்டும். அதனால்தான் அடைப்பின் நடுப்பகுதியில் செல்கள் வெடித்துச் சாகின்றன; ஓரளவு ரத்தம் கிடைக்கும் ஓரப்பகுதியில் மணிக்கணக்கில், நாள்கணக்கில் இழுத்துச் சாகின்றன. காப்பாற்ற வாய்ப்பு இருப்பது இந்த ஓரத்தில்தான்.

எது வெட்டியது என்பதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு, எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். ஒரே ஸ்பெக்ட்ரினை கால்பெய்ன் வெட்டினால் 145 கிலோடால்டன் (புரதங்களின் எடையை அளக்கும் அலகு) துண்டு மிஞ்சும், காஸ்பேஸ்-3 வெட்டினால் 120. தலையில் பலத்த அடிபட்டவர்களின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் இந்தத் துண்டுகளை அளந்திருக்கிறார்கள்.

அப்படியானால் இவற்றை மருந்தால் அடக்கிவிட்டால் போதாதா? அவ்வளவு சுலபமில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த காஸ்பேஸ்-8ஐத் தடுத்தால் செல் நெக்ரோப்டோசிஸ் என்ற வேறு வழியில் சாகலாம். 1996இல் காஸ்பேஸ்-3 இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, வளர்ச்சியில் கழிய வேண்டிய நரம்புச் செல்கள் கழியாமல் மூளை தாறுமாறாகப் பெருத்து, குட்டிகள் சில வாரங்களுக்குள் இறந்துபோயின.