மறைகுறை

வீடு வாங்கப் போகிறவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது, "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?" வில்லங்கச் சான்று பத்திரத்தின் கதையைத்தான் சொல்லும். ஓதம் ஏறிய சுவரில் புட்டி தேய்த்துப் புது பெயின்ட் அடித்திருந்தாலோ, தளத்துக்குள் துருப்பிடித்த கம்பியைப் பூசி மூடியிருந்தாலோ அதில் தெரியாது. இந்த மாதிரிக் கோளாறைத்தான் வக்கீல்கள் 'லேட்டன்ட் டிஃபெக்ட்' என்கிறார்கள்.

'ஒளிந்திருத்தல்' என்னும் பொருளுள்ள 'லாத்தேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். இதற்கு எதிர், கண்ணுக்குத் தெரிகிற 'பேட்டன்ட்' குறை. உடைந்த ஜன்னலைப் பார்த்துவிட்டே வாங்கியவர் பிறகு புகார் சொல்ல முடியாது. பழைய ரோமில் அடிமைகளையும் மாடுகளையும் விற்கிறவர்கள் குறையைச் சொல்லியே விற்க வேண்டும் என்று சந்தை அதிகாரிகள் விதித்திருந்தார்கள். விற்றவருக்கே தெரியாத குறை என்றாலும் பொறுப்பு அவருடையதுதான்.

நம் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் மோசடி. ஆக, 'அவருக்கு முன்பே தெரியும்' என்று காட்டுவதில்தான் வழக்கின் பாடு முழுவதும் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உள்ளார்ந்த குறைபாடு' என்றால் இயல்பிலேயே உள்ள குறை என்றாகிவிடும், அது வேறு. 'மறைக்கப்பட்ட குறை' என்றால் யாரோ மறைத்தார் என்ற குற்றச்சாட்டு சொல்லிலேயே ஏறிவிடுகிறது. யாரும் மறைக்காமல் தானே மறைந்திருக்கும் குறையும் உண்டே. மறைபொருள் போல 'மறைகுறை' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பில்டரிடம் புது ஃபிளாட் வாங்கியவருக்கு வேறு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். பழைய வீட்டை விற்கும் தனிநபருக்கு அது பொருந்தாது. அங்கே 55ஆம் பிரிவுதான். அதுவும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை. அதனால் 'உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்' என்ற வரி கண்ணில் பட்டால், கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.